மாட்டிறைச்சியும் மழைக்காடும்



பெருங்குடல் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த மருத்துவக் கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பல கடிதங்களில் ஒரே கேள்விதான்: மாட்டிறைச்சியை விட்டுவிடத்தான் வேண்டுமா? கேட்டவர்களில் துபாயிலும் டொராண்டோவிலும் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக பீஃப் பிரியாணி சமைத்துவரும் ஆம்பூர்க் குடும்பத்தினரும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் படிக்கும் மகன் காலையில் சாசேஜ், இரவில் பர்கர் என்று நாளைக் கழிக்கிறான், அவனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு, நாலு வரியில் பதில் போட்டு முடிக்க மனம் வரவில்லை. இந்த இதழின் பக்கத்தை அவருக்காகவே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மாட்டிறைச்சி என்று வாய் திறந்தாலே பேச்சு உடம்பை விட்டுவிட்டுச் சாதியையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறது. 2015-ல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே, ஒரு வீட்டில் பசு இறைச்சி இருப்பதாகக் கிளம்பிய வதந்தியை நம்பி ஒரு கும்பல் அந்தக் குடும்பத் தலைவரை அடித்தே கொன்றது. அதன் பிறகும் அப்படிப்பட்ட கொலைகள் நடந்தன. ஆகவே, நான் இங்கே எழுதும் எந்த வரியையும் ஆதாரமாகக் காட்டி அடுத்தவர் அடுப்பங்கரையில் எட்டிப் பார்க்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. இந்த இறைச்சி தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்திய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்கின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் வாரத்தில் ஒரு நாள் அரைக்கிலோ மாட்டிறைச்சி வாங்கிப் பிள்ளைகளோடு பகிர்ந்து சாப்பிட்டால், அந்தச் சாப்பாட்டில் அவர் உடம்புக்கு வேண்டிய இரும்பும் புரதமும் பி12-உம் இருக்கின்றன. நான் கவலைப்படுவது அந்தத் தட்டைப் பார்த்து அல்ல. தினமும் சாப்பிட வசதி உள்ளவர்களின் தட்டையும், அந்தத் தட்டை நிரப்புவதற்காகக் காடு அழிக்கும் தொழிலையும் பார்த்துத்தான்.

இனி உடம்பு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் இருக்கிறது. 2015 அக்டோபரில், 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் அங்கே கூடி 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து ஒரு முடிவைச் சொன்னார்கள். உப்பிட்டும் புகையூட்டியும் நைட்ரைட் சேர்த்தும் பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், சலாமி, ஹாட் டாக், டப்பாவில் வரும் கார்ன்டு பீஃப் வகையறா, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தார்கள். மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பிறைச்சியை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற அடுத்த வரிசையில் வைத்தார்கள். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிடுகிறவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது.

பதப்படுத்திய இறைச்சி புகையிலை இருக்கும் அதே பட்டியலில் வந்ததும், இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று பல பத்திரிகைகள் எழுதிவிட்டன. அது தவறு. புற்றுநோய் வருகிறது என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே அந்தப் பட்டியல் சொல்கிறது. எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்வதில்லை. புகையிலையால் வரும் புற்றுநோய் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேரைக் கொல்வதாகவும், பதப்படுத்திய இறைச்சியை மிகுதியாகச் சாப்பிடுவதால் வரும் புற்றுநோய்ச் சாவுகள் சுமார் 34,000 என்றும் அப்போது மதிப்பிட்டார்கள். அந்த 18 சதவீதத்தையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து போன்ற நாட்டில் 100 பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் ஐந்தாறு பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது. தினமும் பதப்படுத்திய இறைச்சி சாப்பிடும் 100 பேரை எடுத்துக்கொண்டால் அதில் இன்னும் ஒருவர் சேர்கிறார். ஒருவர்தானே என்று தோன்றலாம். ஒரு நாடே தினமும் சாப்பிடும்போது அந்த ஒருவர் ஆயிரக்கணக்கில் பெருகிவிடுகிறார்; அவர் யாரோ ஒருவர் வீட்டு அப்பா, யாரோ ஒருவர் வீட்டு அக்கா.

இது எப்படி நடக்கிறது? சிவப்பிறைச்சிக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது ஹீம் என்னும் இரும்புச் சேர்மம். இரத்தசோகை உள்ளவருக்கு அது நல்லது. கீரையில் இருக்கும் இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். அதே ஹீம் குடலுக்குள் அளவுக்கு மீறிப் போனால், குடலின் உட்சுவரைப் புண்படுத்தும் நைட்ரோசோ சேர்மங்கள் அங்கே உருவாக உதவுகிறது. பதப்படுத்தும்போது சேர்க்கும் நைட்ரைட் இந்த வேலையை இன்னும் சுலபமாக்குகிறது. கரி அடுப்பில் வாட்டி, விளிம்பு கருகக் கருகச் சாப்பிட்டால், கடும் சூட்டில் பிறக்கும் வேறு சில நச்சுப் பொருள்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆக, உடம்புக்கு உதவும் ஒரு பொருள் கெடுதலாக மாறுவது அளவால்தான்.

புற்றுநோயோடு இது நிற்பதில்லை. கொழுப்புள்ள துண்டுகளில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி இதயக் குழாய்களை அடைக்கும். நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது நீரிழிவு. 2024-ல் தி லான்செட் குழும இதழ் ஒன்றில், 20 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 20 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு வெளிவந்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 15 சதவீதம் கூடியிருந்தது. 100 கிராம் சிவப்பிறைச்சி சாப்பிட்டவர்களுக்கு 10 சதவீதம். சாப்பாட்டையும் நோயையும் வருடக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு இது. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தெற்காசியர்களான நமக்கு, இளவயதிலேயே, உடல் பருக்காத நிலையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு இந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிடுவது சரியாக எனக்குப் படவில்லை.

இந்த இடத்தில் ஆட்டிறைச்சிப் பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன சிவப்பிறைச்சியில் ஆடும் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு வைத்துவிட்டு, மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு மருத்துவத்தில் இடம் கிடையாது.

மாட்டை நாம் வளர்க்கிற முறையே நோயைக் கொண்டுவந்த கதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் பண்ணையாளர்கள், செத்த மாடு ஆடுகளின் எலும்பையும் சதையையும் பொடியாக்கித் தீவனத்தில் கலந்து மாடுகளுக்கே போட்டார்கள். புல் தின்னப் பிறந்த விலங்குக்குத் தன் இனத்தின் சதையையே உணவாக்கினார்கள். 1986-ல் மாடுகள் தள்ளாடி விழும் மூளை நோய் ஒன்று அடையாளம் காணப்பட்டது. பைத்திய மாட்டு நோய் என்று உலகமே அதைப் பேசியது. 1990-ல், மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று மக்களை நம்பவைக்க, அந்நாட்டு வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் தன் நாலு வயது மகளுக்கே பர்கரை ஊட்டப் போனார். ஆறு ஆண்டு கழித்து, 1996 மார்ச் 20 அன்று, அந்த நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று அதே நாட்டின் அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் மட்டும் 178 பேர் மூளை அழிந்து இறந்தார்கள், பலர் இளைஞர்கள். முன்னெச்சரிக்கையாக 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்று எரித்தார்கள். அந்தத் தீவன முறை இப்போது தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் சீக்கிரம் கொழுக்க வேண்டும், செலவு குறைய வேண்டும் என்ற அவசரம் தொழிலை விட்டுப் போகவில்லை. பல நாடுகளில் நோயில்லாத மாடுகளுக்கும் வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுத்துவருகிறார்கள். அதை நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் கேட்டுக்கொண்டது. அப்படிக் கொடுக்கக் கொடுக்க மருந்துக்கு மசியாத கிருமிகள் வளர்கின்றன. நாளை நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்து பலிக்காமல் போகலாம்.

இப்போது சுற்றுச்சூழலுக்கு வருகிறேன். மாடு அசை போடும் விலங்கு. நாம் செரிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் அது பாலாகவும் சதையாகவும் மாற்றுகிறதென்றால், அதன் வயிற்றின் முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து அவற்றைப் புளிக்கவைப்பதால்தான். அங்கே உண்டாகும் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. ஒரு மாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 70 முதல் 120 கிலோ மீத்தேன் விடுகிறது. முதல் 20 ஆண்டுகளைக் கணக்கிட்டால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது: மீத்தேன் காற்றில் தங்குவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். இன்று குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்த்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடில் அந்த வாய்ப்பு இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசஃப் பூர், சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமசெக் இருவரும் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் கணக்கைத் திரட்டி 2018-ல் வெளியிட்டார்கள். 100 கிராம் புரதம் நமக்குக் கிடைக்க எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியாகிறது? இறைச்சிக்காகவே வளர்த்த மாடு என்றால் சராசரியாக 50 கிலோ. கோழி என்றால் ஆறு கிலோவுக்குள். பருப்பு வகைகள் என்றால் ஒரு கிலோகூட ஆவதில்லை. உலகின் விவசாய நிலத்தில் 83 சதவீதத்தைக் கால்நடைகளும் அவற்றின் தீவனப் பயிர்களும் எடுத்துக்கொள்கின்றன. திரும்பித் தருவது நாம் உண்ணும் கலோரியில் 18 சதவீதமும் புரதத்தில் 37 சதவீதமும். நம் வீட்டுத் துவரம்பருப்புக்கும் கொள்ளுக்கும் இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். கணக்கு சரிதான். ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் புல்லிலும் தீவனப் பயிரிலும் விழும் மழைநீர். தண்ணீர்க் கணக்கை வைத்து மட்டும் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. என்னை உறங்கவிடாதது நிலக் கணக்குதான். அதற்கு பிரேசில் போக வேண்டும்.

பிரேசிலில் மனிதர்கள் சுமார் 20 கோடி, மாடுகள் 23 கோடிக்கும் மேல். உலகத்தில் மிக அதிகமாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு அதுதான். அதன் வடக்கே, அமேசான் காட்டுப் பகுதியில், பாரா மாநிலத்தில் சாவோ ஃபெலிக்ஸ் டோ ஷிங்கு என்ற ஊராட்சிப் பகுதி இருக்கிறது. பரப்பளவில் தமிழ்நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே வசிப்பவர்கள் சுமார் 65,000 பேர். மாடுகள் சுமார் 25 லட்சம். பிரேசிலிலேயே அதிக மாடுகள் உள்ள ஊராட்சி அது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் அது ஏறக்குறைய முழுவதும் காடு.

காடு எப்படி மேய்ச்சல் நிலமானது? 1964-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவம், ஆளில்லாமல் கிடக்கும் அமேசானை மக்களை வைத்து நிரப்ப வேண்டும் என்று நினைத்தது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பழங்குடிகளை அது ஆளாகவே எண்ணவில்லை. 1970-ல் காட்டைக் குறுக்கே வெட்டி அமேசான் நெடுஞ்சாலையைப் போடத் தொடங்கினார்கள். காட்டில் மாட்டுப் பண்ணை வைக்கும் முதலாளிகளுக்கு வரிச்சலுகையும் மானியமும் கொடுத்தார்கள். சாலை வந்தது, சாலை வழியே மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். முதலில் விலை போகும் மஹோகனியை வெட்டி எடுப்பார்கள். பிறகு மீதி மரங்களைச் சாய்த்துக் காயப்போடுவார்கள். ஜூனுக்குப் பிறகு மழை ஓய்ந்ததும் தீ வைப்பார்கள். சாம்பல் மேல் ஆப்பிரிக்கப் புல் விதையைத் தூவி மாட்டை இறக்குவார்கள். நம் ஊரில் ஏரிப் புறம்போக்கை வளைக்க நினைப்பவர் முதலில் வேலி போட்டு நாலு தென்னங்கன்று நட்டுவைப்பார். ஆண்டு சில போனால் பட்டா கேட்பார். அமேசானில் அந்தத் தென்னங்கன்றின் வேலையை மாடு செய்கிறது. அரசு நிலத்தைப் பிடித்தவர், நான் இங்கே பாடுபட்டுப் பண்ணை நடத்துகிறேன் என்று காட்ட மாடு வேண்டும். இறைச்சியில் வரும் லாபம் ஒரு பக்கம் இருக்க, நிலத்தின் விலை ஏறுவதில்தான் பெரிய பணம்.

அதனால்தான் அந்தப் பண்ணைகளில் ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஏறக்குறைய ஒரு மாடுதான் மேய்கிறது. அத்தனை பெரிய காட்டை அழித்துவிட்டு அவ்வளவு அற்பமாக அதைப் பயன்படுத்துகிறார்கள். மழைக்காட்டின் மண் மெலிந்தது; சத்தெல்லாம் மரத்திலும் விழுந்து மக்கும் இலையிலும்தான். சில ஆண்டுகளில் புல் வளராமல் போகிறது. போனதும் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அமேசானில் இதுவரை அழிக்கப்பட்ட பரப்பில் பெரும்பகுதி இன்று மேய்ச்சல் நிலமாகத்தான் கிடக்கிறது.

இதை எதிர்த்து நின்றவர்களில் சிக்கோ மென்டிஸ் என்ற பெயரை வாசகர்கள் மறக்கக் கூடாது. பிரேசிலின் மேற்குக் கோடியில் ஆக்ரி மாநிலம், ஷாபூரி என்ற சின்ன ஊர். அவர் ரப்பர் மரத்தில் பால் வடிக்கும் தொழிலாளி. சிறு பிராயத்திலேயே அப்பாவோடு காட்டுக்குப் போனவர். பண்ணை முதலாளிகள் ரம்பத்தோடு ஆட்களை அனுப்பும்போது, ரப்பர் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு திரண்டுபோய் மரங்களுக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். கையில் ஆயுதம் இருக்காது. வெட்ட வந்தவர்களும் ஏழைக் கூலிகள்தான் என்பதால் அவர்களிடம் பேசி, வேலையை விட்டுத் திரும்பிப் போகச் சொல்வார்கள். 1970-களின் நடுவில் தொடங்கிய இந்தப் போராட்டம் பல இடங்களில் காட்டைக் காப்பாற்றியது. காட்டை வெட்டாமல் ரப்பரும் பிரேசில் கொட்டையும் எடுத்து வாழ, மக்களுக்கென்று ஒதுக்கிய காப்புக்காடு வேண்டும் என்று கேட்டார் மென்டிஸ். 1988 டிசம்பர் 22 இரவு, தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். 44 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு பண்ணை முதலாளிக்கும் அவர் மகனுக்கும் 1990-ல் தலா 19 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு, மென்டிஸ் கேட்ட காப்புக்காடு, ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கும் மேல், அவர் பெயரிலேயே உருவானது.

அந்தக் காப்புக்காட்டுக்குள்ளேயும் இன்று மாடு மேய்கிறது. ரப்பர் விலை விழுந்துவிட்டது; காட்டுவாசிக் குடும்பத்துக்கு மருத்துவச் செலவு வந்தால் உடனே காசாக்கக் கூடியது மாடு ஒன்றுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காட்டைக் காக்கிறவருக்குக் காசு வராமல் காட்டை அழிக்கிறவருக்கு மட்டும் காசு வரும்படி சந்தை நடந்தால், மென்டிஸின் பெயரில் உள்ள காடும் தப்பாது.

அந்தக் காடு போனால் நமக்கென்ன? அமேசானின் மரங்கள் வேரால் உறிஞ்சும் நீரை இலைவழியே காற்றில் விடுகின்றன. அந்த ஈரம் ஆகாயத்திலேயே ஆறாக நகர்ந்து, தெற்கே பிரேசிலின் வயல்களுக்கும் அர்ஜென்டினா வரைக்கும் மழையாகப் போய்ச் சேர்கிறது. காடு குறையக் குறைய அந்த மழையும் குறையும். பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் லூசியானா காட்டி தலைமையிலான குழு, ஒன்பது ஆண்டுகள் விமானத்தில் பறந்து காற்றைச் சேகரித்து 2021-ல் ஒரு முடிவை வெளியிட்டது. அமேசானின் தென்கிழக்குப் பகுதி, உள்ளிழுக்கும் கார்பனைவிட அதிகமாக வெளியே விடுகிறது. கரியை வாங்கிவைத்த காடே கரியைக் கக்கத் தொடங்கிவிட்டது. 2019 ஆகஸ்ட் 19 அன்று சாவோ பாலோ நகரில் பிற்பகல் மூன்று மணிக்கு இரவு போல இருண்டது. மேகத்தோடு கலந்தது தொலைதூரக் காட்டுத்தீயின் புகை.

தடுக்கவே முடியாதா என்றால், முடியும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2004-ல் ஓராண்டில் 27,700 சதுர கிலோமீட்டர் அமேசான் காடு அழிந்தது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, அபராதம், கடன் மறுப்பு என்று அரசு இறங்கியதும் 2012-ல் அது 4,600-க்குள் வந்தது. கண்காணிப்பைத் தளர்த்திய ஆட்சியில் 2021-ல் மீண்டும் 13,000-ஐத் தொட்டது. ஆட்சி மாறியபின் 2024-ல் 6,300-க்குள் இறங்கியது. பெரிய இறைச்சி நிறுவனங்களும், காடு அழித்த பண்ணையிலிருந்து மாடு வாங்க மாட்டோம் என்று 2009-ல் ஒப்புக்கொண்டன. ஆனால் காடழித்த பண்ணையில் பிறந்த கன்று, காகிதம் சரியாக உள்ள இன்னொரு பண்ணைக்குப் போய்க் கொழுத்து, அங்கிருந்து கசாப்புக்கூடத்துக்கு வருகிறது. கடைசிப் பண்ணையை மட்டும் பார்த்துவிட்டுச் சுத்தம் என்று முத்திரை குத்தினால் ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு? ஒவ்வொரு கன்றையும் பிறந்த இடத்திலிருந்து பின்தொடர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 2023-ல் சட்டம் போட்டது; நடைமுறைக்கு வரும் தேதியைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இங்கே ஆம்பூர் வாசகர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: நான் சாப்பிடும் இறைச்சிக்கும் அமேசானுக்கும் என்ன தொடர்பு? நேரடித் தொடர்பு இல்லை என்பதுதான் உண்மை. நம் ஊர்க் கடைக்கு வருவது உழைத்து ஓய்ந்த மாடும், பால் வற்றிய எருமையும். பாலுக்கு வளர்த்த மாட்டின் இறைச்சிக்கு, இறைச்சிக்கென்றே வளர்த்த மாட்டைவிடப் பசுங்குடில் வாயு மூன்றில் ஒரு பங்குதான் கணக்காகிறது. மீதியைப் பால் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே பால் குடிக்கும் நாமும் இந்தக் கணக்கில் இருக்கிறோம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாடுகளும் எருமைகளும் சேர்ந்து 30 கோடி; அத்தனையும் ஏப்பம் விடுகின்றன. ஆம்பூர் வாசகருக்குத் தோலைப் பற்றியும் தெரியும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாழானதை, 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற விதி நம் சட்டத்தில் வேரூன்ற அந்த வழக்கு பெரிய காரணம்.

பிரேசில் இறைச்சி போய்ச் சேரும் நாடுகளில் சீனா முதலிடத்தில் இருக்கிறது. எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா எல்லாம் பெரிய வாடிக்கையாளர்கள். எனவே துபாய் வாசகருக்கு என் பதில் வேறு. உங்கள் சூப்பர் மார்க்கெட்டின் உறைபெட்டியில் இருக்கும் பொட்டலத்தைத் திருப்பி, எந்த நாட்டு இறைச்சி என்று பாருங்கள். பிரேசில் என்று இருந்தால் வேறு எதையாவது வாங்குங்கள். முடிந்தால் கடைக்காரரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் கடையும் கேட்கும்.

அந்தத் தாய்க்கு: மகனிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் காலை சாசேஜை நிறுத்தட்டும். ஆபத்தில் முதலிடம் அதற்குத்தான். இரண்டு முட்டை, ரொட்டி, ஒரு பழம் என்று மாற்றிக்கொள்ளலாம். சிவப்பிறைச்சி வாரத்துக்கு அதிகபட்சம் மூன்று வேளை, சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் என்பது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் அறிவுரை. பூமியின் தாங்குதிறனையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈட்-லான்செட் குழு 2019-ல் சொன்ன அளவு வாரத்துக்குச் சுமார் 100 கிராம்தான். முதல் அளவுக்கு இந்த மாதம் வந்தால், இரண்டாவதை நோக்கி மெல்ல நடக்கலாம். அடுத்த முறை ஊரிலிருந்து பொட்டலம் அனுப்பும்போது கொள்ளுப்பொடியும் வறுத்த கொண்டைக்கடலையும் பருப்புப் பொடியும் சேர்த்து அனுப்புங்கள். மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் கருகவிடாமல், குழம்பாகவோ வேகவைத்தோ செய்யச் சொல்லுங்கள்.

இரத்தசோகை உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, கிடைக்கும் இறைச்சியை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும்.

இன்னொரு வேண்டுகோள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்பழக்க மாற்றம், இவற்றில் எது இருந்தாலும் மூலம் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டுக் கடையில் களிம்பு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் 45 வயது முதலும் கனடாவில் பொதுவாக 50 வயது முதலும் பெருங்குடல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அங்கே இருக்கும் நம் வாசகர்கள், பரிசோதனைக்கு அழைக்கும் கடிதம் தபாலில் வந்தால் ஓரமாகப் போட்டுவிடாமல் பரிசோதனைக்குப் போய்வாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெருங்குடல் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்திவிட முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்